மீசை வைத்த பெருமாள்

தூத்துக்குடியில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். பகலெல்லாம் சுங்கத் துறைக் காகிதங்களோடு மல்லுக்கட்டுவார். ராத்திரியானால் பாட்டு. செல்போனில் கேட்கிற சமாசாரமெல்லாம் கிடையாது. கறுப்பு இசைத்தட்டு. அவருடைய அப்பா கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, குடிதண்ணீர் சப்ளை செய்துகொண்டிருந்தவர். எழுபதுகளில் இங்கே வந்து இறங்கிய மாலுமிகள் அவருக்குப் பிரியமாகக் கொடுத்துவிட்டுப் போன தட்டுகள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன.

ஒருமுறை அந்த பீரோவிலிருந்து ஓர் உறையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அண்ணாச்சி, இதுல ஒரு விசேஷம் இருக்கு. கண்டுபிடிங்க பாப்போம்."

பார்த்தேன். பளீர் வண்ணங்களில் ஒரு விஸ்வரூப தரிசனம். மேலே படமெடுத்த பாம்பு. இரு பக்கமும் வரிசையாகத் தலைகள். எண்ணி முடியாத கைகள். கழுத்து கொள்ளாமல் மாலையும் நகையும். சந்தேகமே இல்லை, நம் ஊர் விராட் புருஷன் படம்தான். ஆனால் நடுவில் இருக்கவேண்டிய மகாவிஷ்ணுவைக் காணோம். அவர் இடத்தில் பம்பைத் தலையும் மீசையுமாக ஒரு கறுப்பின இளைஞன். கூடவே இரண்டு வெள்ளைக்காரர்கள்.

"ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்" என்றேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

"அது ஊருக்கே தெரியுமே. அவரு நெத்தியப் பாருங்க."

உற்றுப் பார்த்தேன். ஹெண்ட்ரிக்ஸின் நெற்றியில் மங்கலாக ஒரு சிவப்புக் கறை. குங்குமம்!

நண்பர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது. ஒருநாள் இந்த உறையைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் எழுந்து பார்த்தால், ஆச்சி குளித்துமுடித்து, ஹெண்ட்ரிக்ஸுக்குப் பொட்டு வைத்து, தலைக்குமேல் ஒரு கனகாம்பரமும் சொருகியிருக்கிறார்.

"யாருல இது? மீசை வச்ச பெருமாளா இருக்காரு. எந்த ஊரு?"

"ஐயோ ஆச்சி, அது பெருமாள் இல்ல. கித்தார் வாசிக்கிறவரு."

"வாசிச்சா என்னல? கிருஷ்ணன் புல்லாங்குழல் வாசிக்கலையா?"

சிரித்துவிட்டோம். ஆனால் ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பொட்டு என்னைத் தொந்தரவு செய்துகொண்டே வந்தது. ஆச்சி ஏமாந்தாரா? அல்லது அந்த அட்டையை உலகத்திலேயே சரியாகப் படித்தவர் அவர் ஒருவர்தானா?

அட்டையின் கதையிலிருந்து தொடங்குவோம்.

*

'ஆல்பம்' என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிறோம். பாட்டுக்கும் அந்தச் சொல்லுக்கும் என்ன சம்பந்தம்? பழைய 78 ஆர்.பி.எம். தட்டு ஒன்றில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் பாட்டு அடங்கும். ஒரு பெரிய கச்சேரியைக் கொடுக்கவேண்டுமென்றால் நான்கைந்து தட்டுகள் வேண்டும். அவற்றைப் போட்டோ ஆல்பம் மாதிரி கெட்டி அட்டை போட்டு பைண்டு செய்து விற்றார்கள். அதனால் ஆல்பம். பெரும்பாலும் மொட்டையான அட்டை. கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும்.

அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்று ஓர் இளைஞர். கொலம்பியா ரெக்கார்ட்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். 1940 வாக்கில் அவர்தான், இந்த அட்டைமீது படம் போட்டால் என்ன என்று கேட்டார். போட்டார்கள். விற்பனை எகிறியது. அதற்குப் பிறகு படமில்லாத உறை என்பதே இல்லாமல் போனது. லாங் ப்ளே தட்டுகள் வந்தபோது அந்த உறை பன்னிரண்டு அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் என்று ஒரு சின்ன சுவரொட்டி அளவுக்கு நின்றது.

அடுத்து 1967க்கு வந்துவிடுவோம். லண்டனில் இந்தியப் பைத்தியம் உச்சத்தில் இருந்த வருடம். சிதார், ஊதுபத்தி, குர்தா, யோகா. அந்த ஜூனில் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' வெளியானது. பிரபலங்களின் முகங்களை வைத்துக் கும்பலாக எடுத்த அட்டைப்படம். ஜார்ஜ் ஹாரிசன் கேட்டதற்காக அதில் யோகானந்தர் உள்பட நான்கு இந்திய குருமார்களுக்கு இடம் கிடைத்தது. காந்திக்கும் கிடைத்திருந்தது. ஆனால் இ.எம்.ஐ. கம்பெனியின் தலைவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். இந்தியாவில் பிரச்னையாகிவிடுமே என்கிற பயம். காந்தி எடுக்கப்பட்டார்.

பயத்துக்குக் காரணம் தெரிகிறதல்லவா? காந்தி என்றால் அவருக்கென்று கேட்க ஒரு நாடு இருந்தது.

அதே வருடம் டிசம்பர் 1ம் தேதி. 'தி ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' குழுவின் இரண்டாவது ஆல்பம், 'ஆக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ்' பிரிட்டனில் வெளியானது. வெளியிட்டது ட்ராக் ரெக்கார்ட்ஸ். 'தி ஹூ' குழுவின் மேனேஜர்களான கிட் லாம்பர்ட், கிறிஸ் ஸ்டாம்ப் இருவரும் சேர்ந்து தொடங்கிய சின்ன கம்பெனி. இன்றைய பாஷையில் சொன்னால் இண்டி லேபிள். சின்ன கம்பெனியில் ஒரு சௌகரியம், வேண்டாமென்று சொல்ல மாடியில் ஒரு தலைவர் இருக்கமாட்டார்.

அட்டையை வடிவமைத்தவர்கள் டேவிட் கிங், ரோஜர் லா. அச்சடித்து விற்கப்பட்ட விராட் புருஷன் படம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். கார்ல் ஃபெரிஸ் என்ற புகைப்படக்காரர் எடுத்த படத்திலிருந்து ஹெண்ட்ரிக்ஸ், நோயல் ரெட்டிங், மிட்ச் மிட்செல் மூவரின் முகங்களையும் எடுத்துக்கொண்டார்கள். ரோஜர் லா இரண்டையும் சேர்த்து வரைந்து முடித்தார்.

வந்து பார்த்த ஹெண்ட்ரிக்ஸுக்குப் பிடிக்கவில்லை. இதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்கிற ரீதியில் பின்னால் பேசியிருக்கிறார். அவர் பாட்டி வழியில் செரோக்கி ரத்தம் உண்டு என்று சொல்லிக்கொண்டவர். இந்தியன் என்றால் அந்த இந்தியனைப் போட்டிருக்கலாமே என்பது அவர் வருத்தம். 1492ல் கொலம்பஸ் செய்த குழப்பத்தை லண்டன் எதிர்த்திசையில் செய்துமுடித்தது.

*

சரி, அட்டையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

மேற்கத்திய இசைத்தட்டு உறைகளில் ஒரு பழக்கம் உண்டு. பாடகர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். ஜன்னலை, வானத்தை, கையிலிருக்கும் சிகரெட்டை. நம்மைக் கண்டுகொள்ளமாட்டார். அதுதான் ஸ்டைல். சுற்றிலும் நிறைய வெற்றிடம் இருக்கும். இந்த அட்டையில் அது எதுவும் இல்லை. நடுவில் இருப்பவர் நேருக்கு நேர் நம்மைப் பார்க்கிறார். இடமும் வலமும் தராசுத் தட்டு மாதிரி சமமாக நிற்கின்றன. ஒரு விரல் வைக்கக் காலி இடம் கிடையாது. தலைக்குமேல் தலை, கைக்குப் பக்கத்தில் கை.

இந்த மூன்றும் லண்டனில் கண்டுபிடித்தவை அல்ல. இவை நம் காலண்டர் படத்தின் இலக்கணம்.

சாமி ஏன் நேராகப் பார்க்கிறார்? நாம் அவரைப் பார்ப்பது பாதிதான். அவர் நம்மைப் பார்க்கவேண்டும். அதற்குப் பெயர்தான் தரிசனம். கோயிலில் கூட்டத்தில் எக்கி நின்று, சாமியின் கண் நம்மேல் படுகிற இடம் தேடி நகர்கிறோமே, அந்தச் சமாசாரம். காலண்டர் சாமிக்குப் பக்கவாட்டு முகம் எழுதினால் விற்காது. அடுத்து, சமச்சீர். கருவறை நடுவில்தான் இருக்கும், துவாரபாலகர்கள் இரு பக்கமும்தான் நிற்பார்கள். மூன்றாவது, நிறைவு. நகையில்லாத, பூவில்லாத சாமியை ஆச்சிமார்கள் ஏற்பதில்லை.

ரோஜர் லா உடம்பை வாங்கிக்கொண்டு முகத்தை மட்டும் மாற்றினார். ஆனால் பாருங்கள், இலக்கணம் உடம்பில்தான் இருக்கிறது. ஆகவே, அதில் யாருடைய முகத்தை வைத்தாலும் அது சாமியாகிவிடுகிறது. ஆச்சி ஏமாறவில்லை. அந்தப் படம் எந்த மொழியில் எழுதப்பட்டதோ, அந்த மொழியில் அவர் அதைப் படித்தார். பதிலுக்குக் குங்குமம் வைத்தார். அவ்வளவுதான்.

அப்படியானால், அந்த மொழியை எழுதியவர்கள் யார்?

*

இதற்கு நாம் ரொம்ப தூரம் போகவேண்டாம். தூத்துக்குடியில் பஸ் ஏறி, எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டியில் இறங்கினால் போதும். ஒரே மாவட்டம்.

கோவில்பட்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கடலைமிட்டாய். தீப்பெட்டி. இலக்கியம் படிப்பவர் என்றால் பக்கத்து இடைசெவலும் கி.ராஜநாராயணனும். படம் ஞாபகம் வந்தது என்று சொல்பவர் குறைவு. ஆனால் தென்னிந்தியாவின் பூஜையறைகளை ஒரு அரை நூற்றாண்டு காலம் ஆண்ட ஊர் அது.

சி.கொண்டையராஜு. பிறந்தது 1898. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர். துறவு வாழ்க்கைமீது ஆசை. ஆனால் தூரிகை விடவில்லை. நாடகக் கம்பெனி ஒன்றில் சீன் வரையும் வேலைக்குச் சேர்ந்தார். தர்பார், காடு, நந்தவனம், கைலாயம் என்று திரைச்சீலைகள் எழுதிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1940களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் வந்து கலைந்துபோனது. நடிகர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இவர் கிளம்பவில்லை. அங்கேயே தங்கிவிட்டார். சீடர் டி.எஸ்.சுப்பையாவோடு சேர்ந்து 'தேவி ஆர்ட் ஸ்டுடியோ' நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1976ல் இறக்கும்வரை அந்த ஊர்தான். டி.எஸ்.அருணாசலம், ராமலிங்கம் என்று அவரிடமிருந்து ஒரு பரம்பரையே கிளம்பியது.

நாடகம் கலைந்ததில் நமக்கு என்ன லாபம் என்று கேட்கிறீர்களா? மீனாட்சி கல்யாணம் காலண்டர் படத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மீனாட்சி நடுவில். ஒரு பக்கம் சொக்கர், ஒரு பக்கம் தாரை வார்க்கும் பெருமாள். மூவரும் ஒரே வரிசையில் நம்மைப் பார்த்து நிற்கிறார்கள். பின்னால் தூண்கள், திரை. வெளிச்சம் முன்னாலிருந்து முகத்தில் விழுகிறது. கல்யாண வீட்டில் யாராவது இப்படி நிற்பார்களா? நிற்கமாட்டார்கள். நாடக மேடையில் நிற்பார்கள்! ஆடியன்ஸுக்கு முதுகைக் காட்டக்கூடாது என்பது மேடையின் முதல் பாடம்.

கோயிலின் தரிசனமும் நாடகத்தின் வெளிச்சமும் கோவில்பட்டியில் கைகோத்தன. அதற்கு முன்பே ரவிவர்மா தன் பங்குக்குச் சாமிகளுக்குப் புடவை கட்டி, 1894ல் பம்பாயில் அச்சகம் போட்டு வீட்டுக்கு வீடு அனுப்பியிருந்தார். ஆனால் ரவிவர்மாவின் லட்சுமி கொஞ்சம் அரண்மனைப் பெண். கொண்டையராஜுவின் லட்சுமி நம் தெருப்பெண். உருண்டை முகம், கனிந்த கன்னம், உதட்டில் தொடங்கிக் கண்ணில் முடிகிற சின்ன சிரிப்பு. பின்னால் தாமரைக் குளம், தூரத்தில் மலை. கழுத்தில் முத்து மாலை. ஒவ்வொரு முத்துக்கும் ஒரு நிழல், ஒரு வெள்ளைப் பொட்டு. அந்த ஒற்றைப் பொட்டில்தான் முத்து உருளும்.

இவற்றை அச்சடிக்கப் பக்கத்திலேயே சிவகாசி இருந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் ஒட்டவேண்டுமே என்று 1920களின் கடைசியில் லித்தோ அச்சகம் வந்த ஊர். முதலில் லேபிள். அப்புறம் காலண்டர். எத்தனை வண்ணமோ அத்தனை முறை ஒரே காகிதம் மிஷினுக்குள் போய்வரவேண்டும். ஒரு மயிரிழை நகர்ந்தால் சரஸ்வதிக்கு இரண்டு மூக்கு. அந்தக் கஷ்டத்தையெல்லாம் தாண்டித்தான் கோவில்பட்டிச் சாமிகள் மளிகைக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் வந்து சேர்ந்தார்கள். தமிழர்கள் போன இடமெல்லாம், இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும், கூடவே போனார்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசிக் காலண்டர் தயாரிப்பாளர்கள் அடுத்த வருடத்துக்கான மாதிரிப் படங்களைத் தொகுத்து வெளியிடுவார்கள். கடைக்காரர்கள் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் முருகனா, லட்சுமியா, இயற்கைக் காட்சியா என்று ஆர்டர் கொடுப்பார்கள். அந்தத் தொகுப்புக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா?

ஆல்பம்.

*

நான் பி.காம். படித்தவன். அக்கவுண்டன்ஸி வகுப்பில் 'குட்வில்' என்று ஒரு சங்கதி சொல்லிக்கொடுத்தார்கள். கையில் பிடிக்க முடியாது, ஆனால் சொத்து. ஐந்தொகையில் சொத்துப் பக்கம் அதற்கும் ஒரு தொகை உண்டு. ஒரு மளிகைக் கடைக்காரர் எதற்காகக் காசு செலவழித்துக் காலண்டர் அடித்து சும்மா கொடுக்கிறார்? மேலே முருகன் இருப்பார். கீழே கடையின் பெயர் இருக்கும். நீங்கள் முருகனைக் கும்பிடும்போதெல்லாம் கடைக்காரருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு விழுகிறது. குட்வில்!

இதில் வரவு வைக்கப்பட்டவர்களை எண்ணிப் பாருங்கள். சாமிக்கு பக்தி. கடைக்காரருக்கு வியாபாரம். அச்சகத்துக்கு ஆர்டர். ஓவியருக்கு? பெரும்பாலும் ஒரே தொகை. படத்தைக் கொடுத்தோமா, பணத்தை வாங்கினோமா, முடிந்தது கதை. அதற்குப் பிறகு அந்தப் படம் லட்சம் பிரதி போனாலும் கோடி பிரதி போனாலும் அவர் கணக்கில் ஏறாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957லேயே வந்துவிட்டது. ஓவியர் காலமாகி 60 வருடம்வரை உரிமை உண்டு என்று இன்றைய சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் உரிமையை மொத்தமாக விற்றுவிட்டவருக்குச் சட்டம் என்ன செய்யும்?

ஹெண்ட்ரிக்ஸ் அட்டையில் இருக்கும் விராட் புருஷனைக் கொண்டையராஜு வரைந்தார் என்று நான் சொல்லவரவில்லை. நான் சொல்வது வேறு. அட்டையை வடிவமைத்தவர்களுக்குப் பெயர் உண்டு. கித்தார் வாசித்தவருக்கும் டிரம்ஸ் அடித்தவருக்கும் பெயர் உண்டு. அந்தப் பாம்புத் தலைகளையும் அத்தனை கைகளையும் முதலில் உட்கார்ந்து வரைந்த மனிதருக்கு உறையில் எங்கேயும் பெயர் இல்லை. ஏதோ இந்தியாவில் மரத்தில் காய்த்த படம் மாதிரி பறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அட்டையை வடிவமைத்த இருவரில் ஒருவரான டேவிட் கிங், பிற்காலத்தில் என்ன செய்தார் தெரியுமா? ஸ்டாலின் காலத்தில், பிடிக்காமல் போனவர்களையெல்லாம் புகைப்படங்களிலிருந்து சுரண்டி அழித்தார்களே, அந்த அழிக்கப்பட்டவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்தார். சோவியத் படங்களைப் பல்லாயிரக்கணக்கில் சேர்த்தார். 1997ல் அதைப் பற்றி அவர் எழுதிய 'தி கமிஸார் வானிஷஸ்' உலகப் புகழ் பெற்ற புத்தகம். காணாமல் போன முகங்களுக்காக அத்தனை பாடுபட்ட நல்ல மனிதர், இளவயதில் செய்த ஒரு வேலையில் ஒரு பெயர் காணாமல் போயிருக்கிறது. கெட்ட எண்ணத்தில் நடந்ததில்லை. அங்கே ஒரு பெயர் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. அதுதான் விஷயமே.

*

சண்டைகள் வராமலில்லை. 1997ல் ஏரோஸ்மித் என்ற அமெரிக்கக் குழு, காளிங்க நர்த்தனக் கண்ணனின் தலையை எடுத்துவிட்டுப் பூனைத் தலையை வைத்து ஆல்பம் போட்டது. இந்துக்கள் கொதித்தார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டு அட்டையை மாற்றியது. ஹெண்ட்ரிக்ஸ் அட்டைக்கும் 2014ல் மலேசிய அரசு தடை போட்டது. வெளியாகி 47 வருடம் கழித்து! ஹெண்ட்ரிக்ஸ் 1970லேயே, 27 வயதில், இறந்துபோய்விட்டார்.

இரண்டு சண்டையிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். எங்கள் சாமியை எப்படித் தொடலாம்?

எனக்கு இந்தக் கேள்வியில் கொஞ்சம் தயக்கம் உண்டு. காரணம், தூத்துக்குடி.

ஆகஸ்ட் 5ம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? சில விசேஷ ஆண்டுகளில் மாதா தங்கத் தேரில் வருவாள். மாதாவின் சொரூபம் 1555ல் கப்பலில் வந்தது என்பது இந்தக் கரையின் நம்பிக்கை. தேர்? அது எந்தக் கப்பலிலும் வரவில்லை. சுற்றியிருக்கும் கோயில்களிலிருந்து எடுத்துக்கொண்டது. 1530களில் கத்தோலிக்கம் தழுவிய பரதவ மக்கள், மாதாவைத் தேரில் ஏற்றி, வடம் பிடித்து, வீதியில் இழுத்தார்கள். லட்சக்கணக்கில் கூட்டம். அதில் இந்துக்களும் இருப்பார்கள். யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆக, எடுப்பதோ கலப்பதோ குற்றமில்லை. கலக்காத கலை எங்கே இருக்கிறது? கொண்டையராஜுவே நாடகத் திரையிலிருந்து எடுத்தவர்தான். ஆனால் தூத்துக்குடிக்காரர்கள் தேரை எடுத்துக்கொண்டபோது, அது யாருடையது என்று தெரிந்து எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தெருவில் அந்த மனிதர்கள் இருந்தார்கள். திருவிழாவுக்கு வந்தார்கள். லண்டன் எடுத்துக்கொண்டபோது மறுமுனையில் ஒரு மனிதர் இருப்பதாகவே நினைக்கவில்லை.

இந்தக் கரைக்கு இது பழகிய கதைதான். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் கொற்கை முத்து வருகிறது. பாண்டியன் வருகிறான். குளித்து எடுத்தவர்கள் வருகிறார்கள், எப்படி? தண்டனை பெற்ற கைதிகள் என்று ஒரு வரியில். பெயரில்லை. அதற்கப்புறம் எத்தனை ராணிகள் கழுத்தில் இந்தக் கடலின் முத்து தொங்கியிருக்கும். மாலையைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி, முத்துப் பாரில் இறங்கியவனைப் பற்றி?

ஆனால் ஒன்று. குளித்தவனுக்குப் பெயர் கிடைக்கவில்லையே தவிர, பங்கு கிடைத்தது. மன்னார் வளைகுடாவில் வெள்ளைக்காரன் நடத்திய முத்துக்குளிப்பில் சாயங்காலம் கரைக்கு வந்ததும் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு. ஒன்று குளித்தவர்களுக்கு. நியாயமான பங்கா என்றால் இல்லை. ஆனால் பங்கு! அந்தக் குவியலில் ஓர் ஆணிமுத்து அகப்பட்டால் அது அவனுடையது. தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக முத்துக் குளித்தது 1961ல். அதோடு அந்தக் கணக்கும் மூடப்பட்டது. படம் வரைந்தவருக்கு அந்த மூன்றாவது குவியல்கூட இருந்ததில்லை.

*

லண்டன்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் அது அழுகுணி ஆட்டம். நாம் என்ன வாழ்ந்தோம்?

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ரொம்ப சந்தோஷம். இனி வேறு ஊரில் செய்துவிட்டுக் கோவில்பட்டி என்று பெயர் போட முடியாது. கோவில்பட்டிச் சாமிகளுக்கு அப்படி எந்தக் குறியீடும் இல்லை. கொண்டையராஜுவைப் பற்றி விரிவாக ஆராய்ச்சி செய்து எழுத ஸ்டீபன் இங்கிலிஸ் என்று கனடாவிலிருந்து ஓர் ஆய்வாளர் வரவேண்டியிருந்தது. நம்மூரில் சினிமாப் பாட்டென்றால் எழுதியவர் யார், இசை யார், பாடியவர் யார் என்று மூச்சுவிடாமல் சொல்வோம். தினம் காலையில் கண்விழித்ததும் பார்க்கிற படத்தை வரைந்தவர் யார் என்று கேட்டதுண்டா?

கேட்டதில்லை. ஏனென்றால் அது நமக்குப் படமே இல்லை. சாமி. சாமியை யாராவது வரைவார்களா?

இதைப் போன மாதம் நண்பரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். "அண்ணாச்சி, ஒரு நிமிஷம் இருங்க" என்றார். ஏதோ ஸ்டூல் இழுக்கிற சத்தம். அவர் வீட்டுப் பூஜையறையில் ஒரு பழைய முருகன் படம் உண்டு. ஆச்சி காலத்தது. கண்ணாடி போட்டு, சட்டம் அடித்தது. ஹெண்ட்ரிக்ஸுக்குப் பொட்டு வைத்த அதே கையால் ஆச்சி தினமும் அதற்கும் பொட்டு வைத்தவர்தான்.

பத்து நிமிடம் கழித்துத் திரும்ப வந்தார்.

"பின்னாடி ஆணியக் கழட்டிப் பாத்தேன் அண்ணாச்சி. சட்டத்துக்கு அடியில, வலது பக்க மூலையில இங்கிலீஷ்ல கையெழுத்து இருக்கு."

"என்னன்னு?"

எழுத்துக்கூட்டிப் படித்தார். "சி. கொண்டையராஜு."

இரண்டு பேருமே சற்று நேரம் பேசவில்லை. ஐம்பது வருடம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்ட குடும்பம். கையெழுத்து அங்கேயேதான் இருந்திருக்கிறது. சட்டம் போட்டவர் அளவு பார்த்தபோது கால் அங்குலம் உள்ளே போய்விட்டது.

"இப்ப என்ன செய்யப்போறீங்க?"

"வேற சட்டம் போடணும். கொஞ்சம் பெருசா."

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் நீங்களும் ஒருதரம் பாருங்கள். சாமியின் முகத்தை அல்ல, அது உங்களுக்கு மனப்பாடம். கீழே, வலது மூலை.